ஜோஸ்லினின் கப்பல் நோட்டு

எங்கள் கல்லூரி நூலக வாசலில் ஏழு வருடமாக ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. 'நமது தொலைநோக்கும் விழுமியங்களும்' என்று தலைப்பு, கீழே பன்னிரண்டு வரி. நான்காவது வரி இப்படி இருக்கும்: 'சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து செல்லும் மாணவர்களின் வாசிப்புத் தாகத்தைத் தணிப்போம்.' போர்ட் பிளேரில் இருக்கிற கல்லூரி இது. எங்கள் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு கப்பலில் வருகிறவர்கள். கார் நிக்கோபாரிலிருந்து வருகிறவன் எந்தப் பேருந்தில் ஏறுவான்?

அந்தப் பன்னிரண்டு வரியையும் எழுதிய புண்ணியவதி நான்தான். எழுதியது என்றால், மெயின்லேண்டில் ஏதோ ஒரு கல்லூரியின் இணையதளத்திலிருந்து அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியது. ஆய்வுக் குழு வருகிறது, நாளைக் காலைக்குள் வேண்டும் என்று அப்போதைய பிரின்சிபால் என் கழுத்தில் கத்தியை வைத்தார். பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு நூலகத்தின் விழுமியம் எப்படித் தெரியும்? குழு வந்தது, சட்டத்தைப் பார்த்துத் தலையாட்டியது, மீன் சாப்பாடு சாப்பிட்டது, போனது. ஏழு வருடத்தில் அதை முழுக்கப் படித்த ஆள் ஒருத்திதான். படித்துவிட்டு நேராக என்னிடம் வந்து கேட்டாள்.

"மேடம், நம்ம காலேஜுக்கு எப்ப பஸ் வாங்குனாவ?"

அவள்தான் ஜோஸ்லின். எங்கள் நூலக உதவியாளர். நாற்பத்து நான்கு வயது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்தவர். இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதியில். புருஷன் மார்ட்டின் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். ஜோஸ்லின் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தினக்கூலியாக எங்கள் நூலகத்தில் சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நிரந்தரமாகிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் இவள் பேப்பர் மட்டும் ஏதாவது ஒரு மேசையில் படுத்துத் தூங்கிவிடும்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று கிசுகிசுப்பவர்களை இந்தப் பக்கத்திலிருந்தே பெயர் சொல்லித் திட்டுவாள். காலையில் செய்தித்தாள் வந்ததும் கட்சிச் சண்டை, கொலை, கிரிக்கெட் எதையும் பார்க்க மாட்டாள். கப்பல் புறப்படும் நேரம் போட்டிருக்கிற கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அவள் எந்தத் தீவுக்கும் போகிறவள் இல்லை. பிள்ளைகள் போகிறார்களே, அதற்காக.

இரண்டாயிரத்துப் பதினாறில் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. யார் புத்தகம் எடுத்தாலும் பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் அது தானாகவே கார்டைப் பூட்டிவிடும். அந்த வருடமே கார் நிக்கோபார்ப் பெண் ஒருத்தி லீவுக்கு நூலகப் புத்தகத்தோடு ஊருக்குப் போனாள். கடல் சரியில்லாமல் கப்பல் ரத்து. இருபத்தாறாம் நாள் வந்து சேர்ந்தவளுக்குக் கார்டு பூட்டு, அதனால் ஹால் டிக்கெட் கிடையாது. கவுண்டரில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் பூட்டைத் திறக்க மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டு வந்து உட்கார்ந்த ஜோஸ்லின், "கடல் பண்ணுன தப்புக்கு இந்தப் புள்ளைக்குத் தண்டனையா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள். அது பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கப்பல் நோட்டு. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. இடது பக்கம் பிள்ளையின் பெயர், தீவு, புத்தக எண். வலது பக்கம் தேதி இருக்காது. 'போன கப்பல்', 'வர வேண்டிய கப்பல்' என்று இரண்டு கட்டம் இருக்கும். எந்தக் கப்பலில் போனாலும் சரி, கடல் விட்டதும் திரும்பி வருகிற கப்பலில் புத்தகம் வர வேண்டும், அவ்வளவுதான் கெடு. நிபந்தனைகளும் உண்டு. இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்ற வேண்டும். சாமானோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கப்பலின் பங்க் கிளாஸ் படுக்கையில் தலைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும். தான் வர முடியாதவர்கள் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கப்பல் வருகிற நாளில் ஜோஸ்லின் துறைமுக ஜெட்டிக்குப் போய் வாங்கிக்கொண்டு அப்படியே வேலைக்கு வந்துவிடுவாள்.

ஒன்பது வருடத்தில் இப்படிப் போன புத்தகங்களில் இரண்டுதான் கெட்டன. ஒன்று ஹட்பேயில் மழையில் ஊறி இட்லியாக உப்பிவிட்டது. இன்னொன்றைக் கல்யாண அவசரத்தில் ஒருவன் திருப்பித் தர மறந்தே போனான். கப்பலே ஏறாத எங்கள் ஆசிரியர்கள் வீட்டில் எத்தனை புத்தகம் தூங்குகிறது என்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கிற என் வீட்டு அலமாரியிலேயே நான்கு இருக்கின்றன.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நோட்டில் எழுதிய புத்தகத்தை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லை. ஏற்றினால் பூட்டிவிடுமே. ஆக, புத்தகம் கமோர்ட்டா தீவில் இருக்கும். கம்ப்யூட்டரோ அது அலமாரியில் இருக்கிறது என்று அடித்துச் சொல்லும். பழைய நூலகருக்கு இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். எனக்கும் தெரியும். நானும் கண்டுகொள்ளவில்லை.

பழைய நூலகர் ஜனவரியில் ஓய்வு பெற்றார். கரூரிலிருந்து சிவப்பிரகாசம் வந்தார். முப்பத்தாறு வயது, சட்டையைத் துல்லியமாக இஸ்திரி போடுகிறவர், நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதுதான் பிரச்சினை. மறுபடியும் ஆய்வுக் குழு வருகிறது, தொலைநோக்கு அறிக்கை வேண்டும் என்றதும் நாங்கள் எல்லாம் வழக்கம்போல இணையதளம் தேடினோம். அவர் மட்டும், "அதை நாமே உட்கார்ந்து பேசி எழுதலாமே மேடம்" என்றார். எனக்குத் தலைசுற்றியது.

அந்தச் சமயத்தில்தான் ஜோஸ்லினின் பேப்பர் எப்படியோ தூக்கம் கலைந்து வெளியே வந்தது. நிரந்தரம் செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயர். ஒரே ஒரு சான்று பாக்கி: அவள் பொறுப்பில் இருக்கிற புத்தகங்கள் எல்லாம் சரியாக உள்ளன என்று நூலகர் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் இருபத்திரண்டாம் தேதி புத்தகக் கணக்கெடுப்பு. முடிந்ததும் கையெழுத்து. இந்த முறை விட்டால் அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் இரண்டாவது வாரம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், நூலக ஹாலில் கூட்டம் போட்டார் சிவப்பிரகாசம். ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர், மாணவர் பிரதிநிதிகள் நான்கு பேர். ஆளுக்கொரு சீட்டு. 'இந்த நூலகத்தில் எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?' என்று கேள்வி. பெயர் போட வேண்டாம். நான் 'அமைதி' என்று எழுதினேன். ஒருவர் ஏசி என்று எழுதியிருந்தார். ஒருவர் வைஃபை. கரண்ட் போனால் திறக்க ஜன்னல் வேண்டும் என்று ஒரு மாணவன். டீ கொண்டு வந்த ஜோஸ்லினிடமும் சிவப்பிரகாசம் ஒரு சீட்டை நீட்டி, "அக்கா, நீங்களும் எழுதுங்க" என்றார். அவள் அதை வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டாள்.

சீட்டுகளை எல்லாம் வாசித்துவிட்டு அவர் பலகையில் எழுத ஆரம்பித்தார். முதல் விழுமியம்: சமத்துவம். எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே கெடு. இரண்டாவது: பாதுகாப்பு. புத்தகங்கள் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. "நான் முன்னாடி இருந்த காலேஜ்ல லீவுக்கு ஊருக்குக் கொண்டு போன புக்ல பாதி திரும்பி வரலைங்க. இங்க நடுவுல கடல் வேற" என்று காரணமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், என் தலையும் ஆடியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜோஸ்லினைப் பார்த்தேன். டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

அவள் சும்மா இருந்திருக்கலாம். ஒரு வாரத்தில் கப்பல் வரும். வெளியே இருக்கிற புத்தகங்கள் வந்ததும் சத்தமில்லாமல் அலமாரியில் அடுக்கிவிட்டால் கணக்கு சரி, கையெழுத்து விழும், வேலை நிரந்தரம். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. அடுத்த லீவிலிருந்து தீவுக்குப் போகிற பிள்ளைகள் வெறுங்கையோடு போவார்கள். அவ்வளவுதானே என்று நினைத்திருக்கலாம்.

"சார், ஒண்ணு சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"ஒரே விதின்னு எழுதியிருக்கிய. பெரார்கஞ்ச் புள்ள காலையில பஸ் ஏறுனா ஒம்பது மணிக்கு இங்க நிக்கும். கேம்பல் பே புள்ள மூணு நாள் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வரும். மௌசம் கடபட் ஆகி கடல் கொந்தளிச்சுதுன்னா அந்தக் கப்பலும் கிடையாது. ரெண்டு பேருக்கும் பதினாலு நாளுன்னா அது எப்படி சார் சமம்?"

"அதுக்குத்தாங்கக்கா, வெளிய போகவே வேண்டாம்னு வெச்சிட்டா..."

"அப்ப ரெண்டு மாச லீவுல அதுக படிக்க வேண்டாமா? இங்கன வீடு இருக்கவன் மட்டும் படிக்கட்டுமா?" குரல் ஏறியது. பிறகு அவளாகவே தணிந்துகொண்டாள். "மறைக்க மாட்டேன் சார். ஒம்பது வருசமா நான் குடுத்துட்டுத்தான் இருக்கேன். இப்பயும் நாப்பத்தி மூணு புக்கு தீவுல இருக்கு."

சிவப்பிரகாசத்தின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. "கம்ப்யூட்டர்ல எல்லாம் அலமாரியில இருக்குன்னு காட்டுதே?"

"அது பொய் சார். என் நோட்டுதான் நெசம்."

அவள் நோட்டைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்தது. நான் மட்டும் பின்தங்கி, எனக்கும் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். வாசலில் தொங்குகிற பேருந்து வரி யாருடைய கைவரிசை என்பதையும் சொன்னேன். பதினாறு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைத் தனியாகச் சொல்கிறேன் என்று என் மனசு என்னைக் காறித் துப்பியது.

மறுநாள் அவர் ஜோஸ்லினைக் கூப்பிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். கண் சிவந்திருந்தது, நோட்டு முழுக்கப் படித்திருக்கிறார்.

"அக்கா, நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியலைங்க. ஆனா இருபத்தி ரெண்டாந்தேதி கண்ணால பார்க்காத புக்கை இருக்குன்னு நான் எழுத முடியாது. காணோம்னு எழுதுனா உங்க சான்றுல கையெழுத்துப் போட முடியாது. புரியுதுங்களா?"

"புரியுது சார். கப்பல் பத்தொம்பதாந்தேதி வந்துரும்."

பதினேழாம் தேதி துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. கப்பல் கேம்பல் பேயிலேயே நிறுத்தப்பட்டது. எப்போது கிளம்பும் என்று அங்கே இருக்கிறவர்களுக்கே தெரியவில்லை. அன்று மதியம் ஜோஸ்லின் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரிடம் மன்றாடிவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"மன்றாடவா? திட்டிட்டு வாறேன் மேடம். எதுவும் தொலையல, எது எங்க இருக்குன்னு என் நோட்டுல இருக்கு. நீரு கண்டுபிடிக்க வேண்டாம், கப்பல மட்டும் விடும்னு சொன்னேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "பதினேழு வருசம் மேடம். மார்ட்டின்ட்ட இன்னும் சொல்லல."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளைத் தொட்டேன். அவள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, நோட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஃபோனை எடுத்தாள்.

நாற்பத்து மூன்று புத்தகம், இருபத்தொன்பது பிள்ளைகள். அடுத்த நான்கு நாளும் அதே வேலை. "ஏ பாப்பா, புக்க எடு. நம்பர் சீல் அடிச்ச பக்கத்தத் தொற. போட்டோ எடுத்து அனுப்பு. பக்கம் மட்டும் போதாது, உன் மூஞ்சியும் தெரியணும். பழைய போட்டோன்னு சார் சொல்லிரப்பிடாது." சிக்னல் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், அவர் மச்சான். தெலுங்குக்காரர், வங்காளி, நிக்கோபாரி எல்லோரிடமும் தீவு இந்தியில் ஒரே அதட்டல்.

இருபத்திரண்டாம் தேதி. அலமாரிகளை எண்ணி முடித்ததும் ஜோஸ்லின் தன் ஃபோனைச் சிவப்பிரகாசத்தின் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். நான் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஹட்பேயில் ஒரு மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் இயற்பியல் புத்தகத்தோடு ஒரு பெண். அவள் அம்மா பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிறாள். கமோர்ட்டாவில் உரித்த தேங்காய்க் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகத்தை விரித்துக் காட்டும் ஒருவன். கார் நிக்கோபாரிலிருந்து வந்த படத்தில் வேதியியல் புத்தகம் ஒன்று. அதைச் சுற்றி ஐந்து தலை. அட்டைக்குப் பழைய காலண்டர் தாளில் உறை வேறு போட்டிருந்தது. எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்துக்குக் கூட உறை கிடையாது.

"இந்த அஞ்சு பேர் யாருங்கக்கா? எல்லாரும் நம்ம ஸ்டூடண்ட்டா?"

"ஒருத்தி மட்டும் சார். மத்தது அவ தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் புள்ளைகளும். சாயங்காலம் இவதான் அதுகளுக்குச் சொல்லிக் குடுக்காளாம்."

சிவப்பிரகாசம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து பலகைக்குப் போனார். பத்து நாளாக அழிக்காமல் வைத்திருந்த 'ஒரே விதி, ஒரே கெடு' என்பதை அழித்தார். நகர எல்லை பற்றிய வரியையும் அழித்தார். அந்த இடத்தில், 'எந்தத் தீவில் இருந்தாலும் புத்தகம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கேற்ப விதி இருக்க வேண்டும்' என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிரம் தொலைநோக்கு அறிக்கை படித்தவள் நான், ஒன்றுக்கும் கலங்கியதில்லை.

ஆனால் படங்கள் நாற்பத்திரண்டுதான். கேம்பல் பே ஷோபனாவின் ஃபோன் நான்கு நாளாக அணைந்தே கிடந்தது. தாவரவியல், முதல் பாகம், அவளிடம் இருந்தது. அக்கம்பக்கத்து எண்களும் கிடைக்கவில்லை.

"ஒண்ணு குறையுதுங்கக்கா" என்றார் அவர். வருத்தமாகத்தான் சொன்னார். "எல்லாம் இருக்குன்னு நான் எழுத முடியாது. கப்பல் வரட்டும். அதுவரைக்கும் உங்க பேப்பர் என் டிராயர்ல இருக்கட்டும். முப்பதாந்தேதி வரைக்கும் டைம் இருக்கு."

"டீக் ஹை, சரி சார்" என்றாள் ஜோஸ்லின். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை, பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

இருபத்தேழாம் தேதி காலையில் கப்பல் வந்தது. தேங்கிக் கிடந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு அன்று மாலை நான்கு மணிக்கே திரும்புவதாக அறிவிப்பு. ஜோஸ்லின் ஜெட்டியில் நின்று இருபத்தாறு புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தாள். மற்றவை அடுத்த நடையில் வரும், அவற்றின் படங்கள்தான் இருக்கின்றனவே. ஷோபனா வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, கேம்பல் பே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் வழி விசாரித்துக்கொண்டு நூலகத்துக்கே வந்து, ஒரு பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே தாவரவியல், முதல் பாகம். ஒரு பக்கம் கூட மடங்கவில்லை. கூடவே ஒரு கடிதம். ஜோஸ்லின் எனக்கும் சிவப்பிரகாசத்துக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

'ஜோஸ்லின் அக்காவுக்கு, என் ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வரவில்லை. அம்மாவால் தனியாகப் பார்க்க முடியாது. அதனால் நான் இனி கல்லூரிக்கு வர மாட்டேன். முதல் பாகத்தை முடித்துவிட்டேன். தபால் வழியில் படித்துத் தேர்வு எழுதலாம் என்று சொல்கிறார்கள். நான் இப்போது உங்கள் மாணவி இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டாம் பாகத்தைக் கேட்கலாமா?'

சிவப்பிரகாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அக்கா, உங்க நோட்டுல எழுதிட்டுக் குடுத்து விட்டுடுங்க. நான் பார்க்கலைங்க" என்றார்.

இஸ்திரிச் சட்டைக்காரர் அப்படிச் சொன்னதைக் கேட்டு நான் நாற்காலியிலிருந்து விழாத குறை. ஜோஸ்லின் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் சார். ஒம்பது வருசம் ஒளிச்சுக் குடுத்தாச்சு. நீங்க போயிட்டா, நான் செத்துட்டா, இந்தப் புள்ளைகளுக்கு யாரு ஒளிச்சுக் குடுப்பா? கம்ப்யூட்டர்லயே போடுங்க."

"கம்ப்யூட்டர் மாணவரா, ஆசிரியரான்னு கேக்குமேங்கக்கா. இந்தப் பொண்ணு ரெண்டும் இல்லையே."

"மூணாவதா ஒண்ணு போடுங்க. பலகையில எழுதுனீயள்லா? அது செவத்துக்கு மட்டுந்தானா?"

சிவப்பிரகாசம் அவளைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மெயின்லேண்டில் அந்த மென்பொருளைச் செய்து கொடுத்தவரை ஃபோனில் பிடித்து முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். முடியாது என்றவரை முடியும் என்று சொல்ல வைத்தார். மாணவர், ஆசிரியர் என்ற இரண்டுக்கும் கீழே 'தீவு வாசகர்' என்று மூன்றாவதாக ஒரு வரி வந்தது. கெடு: தொண்ணூறு நாள், பூட்டு கிடையாது. எண் ஒன்று, ஷோபனா, கேம்பல் பே. புது வாசகருக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார். பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி நான் போட்டேன். அந்த நூலகத்துக்காக நான் செய்த முதல் நேர்மையான காரியம் அது.

அப்புறம் அவர் டிராயரைத் திறந்தார். ஜோஸ்லினின் சான்றை எடுத்து, மேசையில் நேராக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்கக்கா. உங்க வேலை."

ஜோஸ்லின் நிமிரவில்லை. தாவரவியல் இரண்டாம் பாகத்தை இரண்டாவது கவருக்குள் செலுத்தி, வாயால் டேப்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன வையுங்க சார், வந்து எடுத்துக்கிடுதேன். மணி மூணே கால் ஆச்சு. மேடம், உங்க ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா?"

பதினேழு வருடம் காத்திருந்த காகிதம் மேசையிலேயே கிடந்தது. நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி, வேகமாகப் போங்க மேடம், வேகமாகப் போங்க என்று ஜெட்டி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.